ஜின்னும் ஓமத்தண்ணியும்

கப்பலிலும் ஓட்டலிலும் பல வருடம் பாரில் நின்று கலக்கிக் கொடுத்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஜின் என்கிற மதுவைப் பற்றிப் பல ஊர்க்காரர்கள் கேட்டார்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இருபத்தொரு வயது ஆகாத தம்பிமார் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

தென்காசி: அண்ணாச்சி, ஜின் என்பது வோட்காவில் எசன்ஸ் ஊற்றியதுதானே?

மலிவுச் சரக்கில் அப்படியும் உண்டு. நல்ல ஜின்னுக்கு நம் ஓமத்தண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓமத்தைத் தண்ணீரில் போட்டு வடிக்கும் வாலைப் பானையில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதானே அது? தண்ணீருக்குப் பதில் வாசனையில்லாத ஸ்பிரிட், ஓமத்துக்குப் பதில் ஜூனிபரும் கூடச் சில சாமானும். வேலை ஒன்றேதான். அதனால்தான் இத்தனை போட்டும் நிறம் ஏறுவதில்லை.

கோவில்பட்டி: ஜூனிபர் எப்படி இருக்கும்?

மிளகைவிடச் சற்றுப் பெரிசு, நீலக்கறுப்பு. பழம் என்பார்கள், உண்மையில் ஊசியிலைச் செடியின் கூம்பு, சதைப்பற்றாகத் திரண்டது. முதல் தடவை முகர்ந்தபோது எனக்குப் பெயிண்ட் கடைதான் ஞாபகம் வந்தது. தப்பில்லை, டர்ப்பன்டைனில் உள்ள பைனீன் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி இந்த வாசம்தான் முன்னே நிற்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அடுத்த இடம் கொத்தமல்லிக்கு. ஆமாம், உங்கள் கரிசலில் விளைகிற அதே மல்லிதான். வறுக்காத மல்லியை நசுக்கி முகர்ந்து பாருங்கள், எலுமிச்சைத் தோல் வாசம் எழும்பும். வறுத்தே பழகிய மூக்குக்கு அது பிடிபடுவதில்லை. பிறகு ஏலம், பட்டை, அதிமதுரம், ஆரஞ்சுத் தோல். அஞ்சறைப் பெட்டியில் பாதி வந்துவிட்டதா?

வள்ளியூர்: லண்டன் டிரை ஜின் லண்டனில்தான் செய்வார்களா?

இல்லை, அது செய்முறையின் பெயர். வாசனையெல்லாம் வடிக்கும்போதே ஏற வேண்டும். பிற்பாடு நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. இனிப்பு வேண்டும் என்றால் ஓல்ட் டாம் என்ற ஜின் வகை இருக்கிறது.

நாங்குநேரி: மூலிகை இருக்கிறதே, உடம்புக்கு நல்லதா? அதில் கலக்கும் டானிக் தண்ணீர் வேறு மலேரியாவுக்கு மருந்தாமே?

வாசம் மூலிகை, உள்ளே சாராயம். நல்லதில்லை. டானிக்கின் கசப்பு சின்கோனா பட்டையின் குவினைன், மலேரியா மருந்துதான். அதற்காக நீலகிரியில் 1860களில் தோட்டமே போட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் டானிக்கில் குவினைனுக்கு உச்சவரம்பே லிட்டருக்கு 83 மில்லிகிராம்தான். அது எந்தக் காய்ச்சலுக்குக் காணும்? காய்ச்சல் என்றால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புளியங்குடி: எங்கள் ஊர் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால்?

சாறு வேண்டாம், புளிப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தோலில் ஒரு சீவல் எடுத்து கிளாஸுக்கு மேலே முறுக்குங்கள். அந்த எண்ணெய் போதும். 30 மில்லி ஜின்னுக்கு 90 மில்லி டானிக்.

அம்பாசமுத்திரம்: பன்னீர் சோடா?

கலந்து பார்த்தேன். கல்யாண வீட்டு வாசலில் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

சங்கரன்கோவில்: ருசி தெரிந்து குடிப்பது எப்படி?

ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். 15 மில்லி ஜின், அதே அளவு தண்ணீர். வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள்: முதலில் பிசின், அப்புறம் மல்லியும் தோலும், கடைசியில் வேரின் மண்வாசம். தண்ணீர் விட்டதும் சில ஜின் லேசாகக் கலங்கும். கலப்படம் இல்லை, எண்ணெய் பிரிகிறது. முக்கியமாக, ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். அது நாக்கில் பட்டால் ஜின்னும் பிராந்தியும் ஒன்றுதான்.