கேஸ் மடக்குக்கத்தியின் வயது: புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்

வணக்கம். அலகின் அடியில் ‘கேஸ் எக்ஸ் எக்ஸ் யு.எஸ்.ஏ.’ என்ற முத்திரையும் அதன் கீழ் ஏழு புள்ளிகளும் இருப்பதாகவும், விற்பவர் அதை 1950களின் கத்தி என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பொருந்தாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனம் ‘யு.எஸ்.ஏ.’ என்பதை 1965இல்தான் முத்திரையில் சேர்த்தது. 1970இல் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆகவே உங்களுடையது 1973ஆம் ஆண்டுக் கத்தி.

கத்தியில் பொறித்திருக்கும் 6254 என்ற மாதிரி எண்ணில் 6 எலும்புக் கைப்பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 வடிவத்தையும் குறிக்கும். கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தாலே பின்னாளில் மாற்றியது என்று கொள்ள முடியாது; அந்நாளில் கேஸ் நிறுவனமே 6இல் தொடங்கும் எண் கொண்ட சில கத்திகளுக்கு எலும்பு போன்ற பிளாஸ்டிக் கைப்பிடியை இட்டது.

பணம் கொடுக்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய முத்திரையை அராவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் உலோகம் மெலிந்து, அலகின் அடிக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் இரு அலகுகளையும் பாருங்கள். துருவைப் போக்குவதாக எண்ணித் தயவுசெய்து பளபளப்பாகத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை மங்கினால் மதிப்பும் குறையும்.