இரண்டு வயதுப் பாப்பாவுக்குப் பேஸ்ட் போடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: "பாலக்கோடு பக்கம் கிராமம். பாப்பாவுக்கு இரண்டு வயது. கொழுந்தனார் பையனுக்கு ஏழு வயசு, முன்பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. பேஸ்ட் போட்டதால்தான் என்கிறார் மாமியார். நான் பேஸ்ட் போடலாமா, கூடாதா?"

போடலாம். ஒரு அரிசி அளவு. அதற்கு முன்னால் வீட்டில் குடிக்கிற தண்ணியைப் பாருங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. அந்தத் திட்டு அநேகமாக ஃப்ளோரைடால் (பேஸ்ட்டிலும் தண்ணியிலும் இருக்கிற ஒரு உப்பு) வருவதுதான். ஆனால் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது பேஸ்ட் டியூபிலிருந்து வருவதை விடப் பாறைக்குள்ளிருந்து போர் தண்ணியில் கரைந்து வருவதுதான் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' (ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவதுதான் ஃப்ளோரோசிஸ்) என்று சேர்த்தது இதனால்தான்.

கணக்கு போட்டால் புரியும். குழந்தைகள் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு இருந்தாலும், ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம்தான். அரிசி அளவு பேஸ்ட் ஏறக்குறைய 0.1 கிராம். இரண்டு வேளையும் அப்படியே முழுங்கினாலும் 0.2 மில்லிகிராம். போர் தண்ணியில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால், குடிப்பது, கஞ்சி, குழைந்த சோறு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் உள்ளே போகிற குழந்தைக்கு 3 மில்லிகிராம். பதினைந்து மடங்கு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கி, அதைப் பாப்பா முழுங்கினால் மட்டும் மாமியார் கட்சிக்குக் கொஞ்சம் வலு வரும். அது ஒரு கிராம் வரை போய்விடும்.

அந்தப் பையனின் முன்பல் ஆறு, ஏழு வயதில்தான் வெளியே தெரிந்திருக்கும். அதன் எனாமல் (பல்லின் கெட்டியான மேலடுக்கு) உருவானதோ ஈறுக்குள், பிறந்ததிலிருந்து மூன்று நான்கு வயதுக்குள். இன்று தெரிகிற திட்டு, அவன் ஒன்றரை, இரண்டு வயதில் குடித்த தண்ணியின் கணக்கு. உங்கள் பாப்பா இப்போது நிற்பது அதே வயதில். "பால் பல் வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று நிம்மதி கொள்ளாதீர்கள்; பால் பல்லில் இது பெரும்பாலும் தெரியாது.

தேய்க்கும் முறை. தரையில் உட்கார்ந்து பாப்பாவின் தலையை மடியில் வைத்துப் படுக்க வையுங்கள். கண்ணாடி முன் நிறுத்தினால் உள்பக்கக் கடைவாய் தெரியாது. தலை சின்னதாக, நார் மெதுவாக இருக்கிற பிரஷ். பேஸ்ட்டை மேலே குவிக்காமல் நாருக்குள் விரலால் அழுத்திவிடுங்கள், குவித்தால் முதல் சப்பிலேயே வயிற்றுக்குப் போய்விடும். மேல் உதட்டைத் தூக்கி ஈறோரத்திலிருந்து தொடங்குங்கள். பால் புட்டி வைத்தபடி தூங்கும் குழந்தைக்குச் சொத்தை முதலில் விழுவது அங்கேதான். முடித்ததும் ஈரத்துணியால் நுரையைத் துடைத்தெடுங்கள். துப்பத் தெரிய மூன்று வயது ஆகும், அதன்பின் பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் தேய்க்க வேண்டும். இரவுத் தேய்ப்பு முக்கியம்; காலையில் ஒருநாள் விட்டால்கூட இரவில் விடாதீர்கள்.

செங்கல் பொடி, சாம்பல், உப்பு போட்டுத் தேய்த்துத் திட்டைப் போக்கச் சொல்வார்கள். திட்டு எனாமலுக்குள் இருக்கிறது. தேய்ந்து போவது எனாமல்தான். (நான் பேஸ்ட் கம்பெனி ஆள் இல்லை. வேப்பங்குச்சி, கரி என்று பட்டியலோடு வருபவர்கள் பெரியவர்கள் பல்லைப் பற்றிப் பேசுகிறார்கள், இங்கே பேச்சு குழந்தைப் பல்.)

தண்ணிக்கு வருவோம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, கூடும்: மூன்று லிட்டரை இரண்டாகச் சுண்ட வைத்தால் ஒன்றரை மடங்கு. செம்புக் குடம், மெழுகுவத்தி ஃபில்டர், யூவி எதுவும் இதற்கு உதவாது. ஆர்ஓ எடுக்கும், உள்ளே வடிகட்டுகிற மெம்பிரேன் (சவ்வு) சரியாக இருக்கும் வரை. மழைத்தண்ணியில் அநேகமாக இருக்காது; முதல் மழையை ஓடவிட்டுவிட்டுப் பிடியுங்கள். எதுவானாலும் குடிக்க மட்டுமல்ல, கூழ் காய்ச்சவும் சோறு வடிக்கவும் அதே தண்ணிதான். ஆர்ஓவில் கால்சியமும் போய்விடும், அதற்குப் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை கொடுங்கள். டீயில் பொறை தொட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். தேயிலையில் ஃப்ளோரைடு அதிகம். புளி சேர்த்தால் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறுவதாக ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2002 ஆய்வு ஒன்று உண்டு. ரசம் ஊற்றுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணியை மாற்றாமல் இருக்காதீர்கள்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து இரண்டு இரும்புக் கம்பியைத் தண்ணிக்குள் விட்டுக் கரண்ட் கொடுத்து, "பாருங்க அழுக்கு" என்று கறுப்பாக்கிக் காட்டுகிற ஆர்ஓ விற்பனைக்காரர்கள். அது அழுக்கில்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பு இருக்கிற நல்ல தண்ணியிலும் அப்படித்தான் ஆகும். டிடிஎஸ் பேனாவும் அதேபோல்: மொத்த உப்பைச் சொல்லும், ஃப்ளோரைடைச் சொல்லாது. டிடிஎஸ் 300 காட்டுகிற தண்ணியில் ஃப்ளோரைடு 2 இருக்கலாம், 900 காட்டுவதில் 0.8 இருக்கலாம். பயம் காட்டி மிஷின் விற்கிறார்கள், பயப்பட வேண்டியதைச் சொல்வதில்லை.

குழாயில் ஒகேனக்கல் தண்ணி வருகிறதென்றாலும் விசாரியுங்கள். 2013இல் திட்டம் வந்தபின்னும் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியையும் சேர்த்து ஏற்றுவார்கள். டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் எந்த நாளில் எது ஏறுகிறது என்று சொல்லிவிடுவார்.

சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போதும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணியில் மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். போர் எங்கே, எத்தனை அடி, என்ன தேதி என்று எழுதி ஒட்டுங்கள். மே மாதம் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒன்று. இரண்டும் ஒரே எண் வராது. அதிகமாக வருகிற எண்ணை வைத்தே முடிவெடுங்கள். அந்த எண் 1.5ஐத் தாண்டினால், பேஸ்ட் எது என்று பல் மருத்துவரைக் கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.