5 வயதுக் குழந்தையை ஜிப்லி இசைக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: டோக்கியோவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மகளுக்கு 5 வயது, ஜிப்லி ஸ்டுடியோவின் கார்ட்டூன் படத்தில் வரும் டொடோரோ என்றால் உயிர். ஜிப்லி படங்களின் இசையை முழு ஆர்க்கெஸ்ட்ராவும் வாசிக்கிற கச்சேரி பற்றி நோட்டீஸ் பார்த்தோம். போகலாமா, அவ்வளவு நேரம் உட்காருவாளா?

தாராளமாகப் போகலாம், ஆனால் எந்தக் கச்சேரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை முதலில் படியுங்கள். ஜப்பானில் வழக்கமான ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகளுக்கு, இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகளைப் பெரும்பாலும் உள்ளேயே விட மாட்டார்கள். இங்கே 6 வயது நிறைந்த பிறகு வருகிற ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்பு, அதனால் உங்கள் மகளுக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை. ஜிப்லி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இந்த விதி இருக்கலாம். இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியே நடத்தும் கச்சேரிக்குப் போகலாம் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. அதற்குக் குலுக்கலில் பெயர் விழவேண்டும், நேரமும் அதிகம், 5 வயதுக்கு அது வேண்டாம் என்பேன்.

நீங்கள் தேடவேண்டியது 'ஓயாகோ' கச்சேரி, அதாவது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வருவதற்கென்றே வைப்பது. சிலவற்றில் '0 வயதிலிருந்து' என்றே போட்டிருப்பார்கள். சனி ஞாயிறு பகல் வேளையில், ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், ஒரு குழந்தை அழுதால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். மற்ற கச்சேரிகளில், நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நழுவுகிற கதையெல்லாம் நடக்காது; இருமுவதற்குக்கூட ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிற கூட்டம் இது.

நிகழ்ச்சி நிரலில் 'ஆர்க்கெஸ்ட்ரா ஸ்டோரீஸ்: டொடோரோ' இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். படம் வந்தது 1988இல், அந்த இசையையே ஹிசாய்ஷி 2002இல் கதை சொல்லியோடு சேர்த்து ஆர்க்கெஸ்ட்ராவுக்காகத் திரும்ப எழுதினார், மொத்தம் 8 பகுதி. முதல் பகுதி படத்தின் தொடக்கத்தில் வரும் அந்த நடைப் பாட்டு. அதை வைத்துக்கொண்டு கதை சொல்பவர் வாத்தியங்களை அறிமுகப்படுத்துவார்: புல்லாங்குழலும் ஓபோவும் மாதிரியான மரக்குழல்கள் ஒரு பக்கம், டிரம்பெட்டிலிருந்து டியூபா வரை பித்தளை வாத்தியங்கள் ஒரு பக்கம், அப்புறம் வயலின் குடும்பம், தாள வாத்தியங்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து. மெட்டு ஏற்கெனவே தெரிந்தது என்பதால் குழந்தையின் கவனம் முழுக்க 'இப்போ யார் வாசிக்கிறாங்க' என்பதில் போய்விடும். என் பையன் சிம்பல்ஸ் வைத்திருந்தவரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் பாட்டுக்கு இரண்டு தட்டையும் தொங்கவிட்டபடி நிற்கிறார், மெதுவாகத் தட்டை மார்பு வரை தூக்குகிறார், இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை அழுத்துகிறான், அவரோ அடிக்காமல் திரும்ப இறக்கிவிடுகிறார். கடைசியில் அடித்தபோது இவன் போட்ட கூச்சலுக்கு முன் வரிசைப் பாட்டி சிரித்துவிட்டார்.

அந்த நடைப் பாட்டின் வரிகளை எழுதியவர் நகாகாவா ரியெகோ, குழந்தைகள் காப்பக ஆசிரியையாக வேலை பார்த்தவர், இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் 'குரி தோ குரா' படக்கதைகளை எழுதியவரும் அவர்தான். உங்கள் மகள் ஹோய்குஎன், அதாவது குழந்தைகள் காப்பகம் போகிறாள் என்றால் பாட்டு அவளுக்கு மனப்பாடமாகவே இருக்கும், ஹாலில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும்போது அவளும் பாடுவாள்.

திரையில் படம் ஓடுமா என்று பலர் கேட்பார்கள். ஹிசாய்ஷியின் பெரிய மேடைகளில் ஓடும், உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ராக்களின் கச்சேரிகளில் பெரும்பாலும் இருக்காது. என்னைக் கேட்டால் இல்லாமலிருப்பதே நல்லது. திரை இருந்தால் குழந்தை படம்தான் பார்க்கும், அதற்கு வீடே போதுமே!

மற்ற படங்களை அவள் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (2004) படத்தின் வால்ட்ஸ் (ஒன்று-இரண்டு-மூன்று என்று ஓடும் நடன இசை) ஒன்றை மட்டும் முன்கூட்டியே வீட்டில் ஓடவிடுங்கள். படம் முழுக்க ஒரே மெட்டுதான் ஓடவேண்டும் என்று இயக்குநர் மியாசாகி கேட்டார், ஹிசாய்ஷி அதையே வேகம் மாற்றி, வாத்தியம் மாற்றி, ஒரு இடத்தில் சோகமாக, ஒரு இடத்தில் ஆட்டம் போட வைப்பதாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணத் தெரிந்த குழந்தைக்கு மெட்டு எங்கே திரும்ப வருகிறது என்று பிடிப்பதே ஒரு விளையாட்டு. 2008இல் டோக்கியோவின் புடோகான் அரங்கில், ஹிசாய்ஷி ஜிப்லி படங்களோடு சேர்ந்த 25 ஆண்டு நிறைவுக்காக நடந்த கச்சேரியின் வீடியோ கிடைத்தால் அதையும் காட்டுங்கள்: ஆர்க்கெஸ்ட்ராவில் மட்டும் சுமார் 200 பேர், கோரஸ் 800 பேர், போதாதென்று பேண்டு வாத்தியக்காரர்கள் வேறு. நேரில் பார்க்கப்போவது அதில் பாதிகூட இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஹாலுக்குள் நுழைந்ததும் 'மீதிப் பேர் எங்கே' என்று கேட்பாள்.

ஒரு எச்சரிக்கை. 'மோனோனோகே', 'நௌசிகா' படங்களின் பகுதிகளில் பெருமுரசும் டிம்பனியும் நெஞ்சில் வந்து இடிக்கும். சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் நிரலில் அவை எப்போது வருகின்றன என்று பார்த்துவைத்து, 'இப்போ காட்டுக்குள்ள சண்டை' என்று காதில் சொல்லிவிடுங்கள், அது போதும்.

இடம் எடுக்கும்போது முதல் சில வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். கீழே உட்கார்ந்தால் வயலின்காரர்களின் ஷூதான் தெரியும், பின்னால் இருக்கிற குழல், கொம்பு, முரசு எதுவும் கண்ணில் படாது. மாடியின் முன்வரிசை நல்ல இடம், ஆனால் 5 வயதுக்குக் கைப்பிடிச் சுவர் மறைக்கும், அதனால் கீழ்த்தளத்தின் நடுவில், நடைபாதையை ஒட்டிய சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்குக் குஷன் கொடுப்பார்களா என்று வாசலிலேயே கேளுங்கள், பல ஹால்களில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு சுமிதா பக்கம் என்றால் கின்ஷிச்சோ ஸ்டேஷன் அருகிலுள்ள டிரிஃபொனி ஹாலின் நிகழ்ச்சிப் பட்டியலை முதலில் பாருங்கள். ஹிசாய்ஷியோடு சேர்ந்து 2004இல் வேர்ல்டு ட்ரீம் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய நியூ ஜப்பான் ஃபில்ஹார்மானிக்குக்கு அதுதான் சொந்த ஹால். கோடை விடுமுறை நாட்களில் குடும்பக் கச்சேரிகள் அதிகம் வரும், டிக்கெட் விற்பனை சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.