விலை குறைந்த தீனிக்கு மாறும் முன் ஒரு தராசு வாங்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியது 36 கிலோ, சின்னது 12 கிலோ. இரண்டும் குண்டு, 30, 10 என்று இறக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். 15 கிலோ தீனிப் பை ஒரே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறோம், மூன்று மாதமாகப் பாக்கி முழுசாக அடைபடவில்லை. கிலோவுக்கு 30 சதவீதம் விலை குறைந்த தீனி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தவணையில் எடுத்தால் இன்னும் தள்ளுபடி உண்டு. எடுக்கலாமா? சாப்பாடு போடுவது என் மாமனார். கிண்ணம் காலியாக இருந்தால் அவருக்கு மனசு கேட்காது, பிஸ்கட்டும் கொடுப்பார்.

பதில்: எடுக்காதீர்கள். தீனியை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தவணையில்தான் ஆட்சேபணை. ஆனால் உங்கள் பணம் கரைவது விலையால் மட்டும் அல்ல. கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ 30 நாளில் தீர்கிறது என்றால் நாளைக்கு 500 கிராம். உலர் தீனியில் கிலோவுக்கு 3,800 கலோரி என்று வைத்தால் 1,900 கலோரி உள்ளே போகிறது. பிஸ்கட் தனி. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு, அது எட்ட வேண்டிய எடையை வைத்துத்தான் அளவு போடுவார்கள். 30 கிலோவுக்குச் சுமார் 900, 10 கிலோவுக்குச் சுமார் 390. இரண்டுக்கும் சேர்த்து 1,290. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. அதைக் கழித்தால் தீனிக்கு 1,160 கலோரி, அதாவது 305 கிராம் போதும். நீங்கள் 500 போடுகிறீர்கள்.

இப்போது பணம். இப்போதைய தீனி கிலோ 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் செலவு 50. அதே தீனியை நிறுத்துப் போட்டால் 31. புதுத் தீனி கிலோ 70, ஆனால் அதில் கிலோவுக்கு 3,300 கலோரிதான் என்று வைப்போம். அதே 1,900 கலோரி போக வேண்டுமானால் 576 கிராம் வேண்டும், செலவு 40. அதையும் நிறுத்துப் போட்டால் 352 கிராம், செலவு 25.

ஆக, நிறுத்துப் போட்ட பழைய தீனி, கண்ணளவில் போட்ட மலிவுத் தீனியைவிடச் செலவு குறைவு. 50 என்பது 25 ஆனால், அதில் 19 அளவினால் வருவது, தீனியை மாற்றியதால் வருவது 6 மட்டும். கிலோ விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பையின் பின்பக்கம் கலோரி போட்டிருக்கும்; 1,000 கலோரிக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். சில மலிவுப் பைகள் அந்தக் கணக்கில் மலிவே இல்லை.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம் என்று நினைக்கிறேன். கொடுக்காதீர்கள் என்று சொன்னால் ஒளித்துக் கொடுப்பார். அதற்குப் பதில் பொறுப்பையே அவரிடம் விட்டுவிடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கோப்பையில் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். காலையில் அன்றைய மொத்தத் தீனியையும் அவரே நிறுத்து, நாய்க்கு ஒன்றாக இரண்டு டப்பாவில் போட்டு வைக்கட்டும். எப்போது மனசு கேட்கவில்லையோ அப்போது அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். சின்ன நாயின் கணக்கை மட்டும் அவரிடம் காட்டுங்கள்: பிஸ்கட் ஒன்று 40 கலோரி என்றால் மூன்று பிஸ்கட் 120. அதன் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

கையில் எடுத்துக் காட்ட ஓர் ஆய்வும் இருக்கிறது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை நடுமதிப்பில் 13 வயதுவரை இருந்தன, மற்றவை 11.2 வயதுவரை. குறைத்துப் போடுவது கொடுமை என்று நினைப்பவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, தீனி மாற்றம். முதலில் சின்னப் பை ஒன்று மட்டும், கையில் இருக்கும் பணத்தில். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்றும், வளர்ந்த நாய்க்கு என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். கால் பங்கு, அரை, முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதச் சரக்கை என்ன செய்வீர்கள்? திறந்த பையில் கொழுப்பு காறிப்போகும். தவணை மட்டும் காறாமல் நிற்கும். தானியம் இல்லாத தீனி என்று விலை கூட்டி விற்பதையும் தள்ளி வையுங்கள். 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய சில தீனிகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, ஆனாலும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தீனியை ரொம்பவும் குறைத்தால் சத்தும் சேர்ந்து குறையும். அதனால் இந்த அளவை டாக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். எடை குறைப்புக்கான தீனிதான் வேண்டும் என்று அவர் சொன்னால், 1,000 கலோரிக் கணக்கில் கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள். நிறுத்துப் போடும்போது அதுவும் கட்டுப்படியாகும்.

வாரம் 1 முதல் 2 சதவீதம் எடை இறங்கினால் சரியான வேகம். பெரியதற்கு நான்கு மாதம் பிடிக்கலாம். இந்த மாதம் மிச்சமாவது முழுக்கக் கார்டு பாக்கிக்குப் போகட்டும், அது அடையும்வரை தீனியைக் கார்டில் வாங்க வேண்டாம். நிறுத்துப் போட்டும் ஒரு மாதத்தில் எடை அசையவில்லை என்றால் மறுபடி அளவைக் குறைக்காதீர்கள். தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.