சோற்றை நிறுக்கும் முன் எண்ணெயை நிறுங்கள்

உடம்பு எடையைக் குறைக்க நினைப்பவர்கள் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: இரண்டு மாதமாக டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் சாப்பிடுகிறேன். மதியம் சரியாக 100 கிராம் சோறு. அதற்கு 350 கலோரி என்று புத்தகத்தில் இருக்கிறது. செல்போன் செயலியோ 130 என்கிறது. எது சரி? உடம்பு எடை மட்டும் அசையவே இல்லை.
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: இரண்டும் சரி. 350 என்பது 100 கிராம் அரிசிக்கு. 130 என்பது 100 கிராம் சோற்றுக்கு. நம் நாட்டு உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கே கணக்குச் சொல்பவை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலும் அப்படித்தான். அரிசி வேகும்போது தண்ணீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு கனத்துவிடும். கூடுவது தண்ணீரின் எடைதான். அதில் கலோரி ஏது?

ஆக, நீங்கள் சாப்பிடுவது 35, 40 கிராம் அரிசிதான். அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே காணாது. மூன்றரை மணிக்கெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளியிருக்குமே, அப்போது என்ன சாப்பிட்டீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முறுக்கு டின்னையும் குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் தராசில் வைத்தீர்களா என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை குறைந்த சோற்றில் எடை இறங்கவில்லை என்றால், கணக்கில் வராத ஏதோ ஒன்று உள்ளே போகிறது.

சரியான முறை இதுதான். குக்கரில் வைக்கும் முன் அரிசியை நிறுங்கள். 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெந்தபின் மொத்தச் சோற்றையும் நிறுங்கள். 1,150 கிராம் வருகிறது. உங்கள் தட்டில் 230 கிராம் எடுத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 80 கிராம் அரிசி, சுமார் 280 கலோரி. சோறு ஒருநாள் குழைந்தாலும் மறுநாள் பொலபொலவென்று வந்தாலும் இந்தக் கணக்கு தவறாது. வடித்த சோறானால் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போகும். அந்த அளவுக்கு நுணுக்கம் பார்க்க வேண்டியதில்லை.

சூடான சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி நிறுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? வெறும் குக்கரின் எடையை ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டால் பிறகு கழித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவரைக் கொண்டு மாமியார் பெயருக்குக் கீழேயே எடையையும் வெட்டி வைத்திருக்கிறார். மாமியார் முதலில் முகம் சுளித்தாராம்.

சாம்பாரைத் தட்டில் நிறுத்துப் பயனில்லை. பானைக்குள் போகும் பருப்பையும் தாளிக்கிற எண்ணெயையும் நிறுத்து, சாப்பிடுகிற தலைகளால் வகுத்துவிடுங்கள். கத்தரிக்காய், சுரைக்காய், முருங்கைக்காய், கீரையை எல்லாம் நிறுக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எண்ணெயை டப்பாவிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதுதான் வழக்கம். கரண்டியில் அளந்து ஊற்றச் சொன்னால் மனைவி மறந்துவிடுகிறார். தராசில் எண்ணெயை எப்படி அளப்பது?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எல்லோரும் சோற்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல். அதை ஊற்ற ஒரு விநாடிகூட ஆகாது.

எண்ணெய் டப்பாவையே தராசில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். டப்பாவை எடுத்து, வழக்கம்போல வாணலியில் ஊற்றுங்கள். மறுபடி தராசில் வைத்தால் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். மைனஸ் 23 என்றால் 23 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கரண்டி வேண்டாம், கழுவ வேண்டிய பாத்திரமும் சேராது. சில தராசுகள் இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அதற்குள் திரும்ப வைத்துவிட வேண்டும். தோசைக்குச் சுற்றிலும் விடுகிற நல்லெண்ணெயையும் இப்படியே பாருங்கள், கிண்ணத்தோடு. ஆனால் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று தராசின் எண்களை வாசிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே தோசை வார்த்துப் பாருங்கள்.

தராசே இல்லாமல் ஒரு வழியும் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், அது ஏறக்குறைய 4,600 கிராம். 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான் ஒதுக்குகிறது. கூடுதலாகப் போகும் 11 கிராமில் மட்டும் தினம் 100 கலோரி. மளிகைச் சீட்டு பொய் சொல்லாது.

உங்கள் ஊர்ச் சமையல் என்பதால் தேங்காயையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரிக்குக் குறையாது. கிட்டத்தட்ட 100 கிராம் அரிசிக்குச் சமம். நான்கு இட்லியை எண்ணிச் சாப்பிடுகிறவர்கள், சட்னியை மூன்றாம் முறை கேட்டு வாங்கும்போது எண்ணுவதில்லை. சட்னியை விட்டுவிடச் சொல்லவில்லை. அரைக்கும் முன் துருவலை நிறுத்துவிடுங்கள், போதும்.

கேள்வி: என் தராசு ஒரே கிண்ணத்துக்கு மூன்று விதமாக எடை காட்டுகிறது. விலை உயர்ந்ததாக வாங்க வேண்டுமா?
– ஆசிரியை, சேலம்

பதில்: முதலில் அதன் அடியில் விரித்திருக்கும் துணியையோ பிளாஸ்டிக் விரிப்பையோ எடுத்துவிட்டு, கடப்பைக்கல் மேடையில் சமமாக வையுங்கள். பாட்டரியை மாற்றுங்கள். பிறகு பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை அடுக்கி நிறுத்தால் 77 கிராம் ஒட்டி வர வேண்டும். பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட் 515 முதல் 520 கிராம் வரும், பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். இவை இரண்டும் ஒத்துவந்தால் தராசு நல்ல தராசுதான்.

ஐந்து கிலோ தாங்கி, ஒரு கிராம் வரை காட்டினால் வீட்டுக்கு அது தாராளம். செல்போனோடு பேசுகிற தராசுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மசாலாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் மலிவான தராசுகள் அசையாது. சிறு மாற்றத்தைத் தாமே பூஜ்யமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. பெரிய தட்டு தராசின் எண்களை மறைத்தால், நடுவில் ஒரு சம்படத்தைக் கவிழ்த்து வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு அதன்மேல் தட்டை வையுங்கள்.

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய். சோற்றை நிறுத்துப் போட்டால், “சாப்பாட்டை எடைபோட்டா போடுவாய்?” என்று மாமியார் வருத்தப்படுகிறார். என்ன செய்ய?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவர் வருத்தம் நியாயமானது. சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் தராசை வைப்பது எனக்கும் பிடிக்காது. யாரும் இல்லாத நேரத்தில் உங்கள் சோற்றுக் கரண்டியை எடையிட்டுவிடுங்கள். தலைதட்டி ஒரு கரண்டி எவ்வளவு, குவித்து ஒரு கரண்டி எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் உங்களைத் திடுக்கிட வைக்கும். நான் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தபோது, எல்லா நோயாளிக்கும் இரண்டு கரண்டி என்று ஏட்டில் இருக்கும். சமையல்காரருக்குப் பிடித்த நோயாளிக்கு மட்டும் அந்த இரண்டு கரண்டியும் கோபுரமாக வரும். ஏட்டில் குற்றம் சொல்ல முடியாது!

கரண்டி எடையை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், பிறகு மாமியாருக்குத் தெரிவது கரண்டி மட்டும்தான். ஒன்று முக்கியம்: கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்காதீர்கள். சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் ஆப்பிள் துண்டைக்கூட நிறுத்துத்தான் சாப்பிடுகிறாள். இரண்டு கிராம் கூடினால் அழுகிறாள். மிகவும் இளைத்துவிட்டாள்.
– பெயர் வெளியிட விரும்பாத தாய், கோவை

பதில்: அம்மா, இதற்கு எடைக் குறைப்புக் கேள்வி-பதிலில் மருந்து இல்லை. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, மயக்கம் வருகிறதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால் தயங்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் உதவி எண் 14416; அதில் தமிழிலும் பேசலாம். அவளைத் திட்டாதீர்கள், தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லாதீர்கள். தராசை அவளிடமிருந்து பிடுங்குவதா, எப்போது எடுத்து வைப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும். உடல் எடை குறைந்தவர், வளரும் பிள்ளை, கர்ப்பிணி ஆகியோருக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

கேள்வி: அடுத்த மாதம் வீட்டில் மூன்று கல்யாணம். விருந்தில் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற அலுவலர், தஞ்சாவூர்

பதில்: சாப்பிடுங்கள். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று சுற்றுச் சோறு வரும்; இரண்டாவது சுற்றிலிருந்து கையை மறித்துப் பாதி வாங்குங்கள். வறுவலும் வடையும் இரண்டாம் முறை வேண்டாம். பாயசம் உங்கள் விருப்பம். மறுநாள் காலை எடை மெஷினில் ஏறாதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கிலோ ஏறியதாகக் காட்டினாலும் அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. நான்கு நாள் கழித்துப் பாருங்கள்.