நம்பினவர்களும் மூழ்குகிறார்களே, பிறகு கடவுளின் பாதுகாப்பு என்பது என்ன?

"தினமும் ஜெபிக்கிறவர்களுக்கும் விபத்து, புற்றுநோய் எல்லாம் வருகிறது. பிறகு எதை வைத்துக் கடவுள் காப்பார் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற நானும் இந்தக் கேள்வியோடு சில வருடம் இருந்தவன்தான்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் வந்தபோது என் சித்தப்பா ஆழ்கடலில் இருந்தார். ஒருமுறை போனால் பல நாள் தங்கித் தொழில் செய்கிற விசைப்படகு. எச்சரிக்கை கரைக்கு வந்ததே கடைசி நேரத்தில். நடுக்கடலில் இருந்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? படகு கவிழ்ந்தது. சித்தப்பாவும் கூட்டாளி ஒருவரும் ஒரு காலிக் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் விடிவதற்குள் கூட்டாளியின் கை விட்டுப்போயிற்று. சித்தப்பாவை வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள்.

இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். இரண்டு வீட்டிலும் ஜெபமாலை ஓடியது. உண்மையைச் சொன்னால் எங்கள் சித்தியைவிட கூட்டாளியின் மனைவி, அந்த அக்காதான் அதிகம் முழங்காலில் நின்றார். சித்தி பாதி நேரம் போனும் கையுமாக வாசலுக்கும் கடற்கரைக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஆகவே "சித்தி வீட்டு ஜெபம் கேட்கப்பட்டது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும்.

வேதாகமம் இதை மூடி மறைப்பதில்லை. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா இயேசுவின் சீடர் யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். ஒரே வரியில் அது முடிந்துவிடுகிறது. அடுத்து சிறையில் கிடக்கிற இன்னொரு சீடர் பேதுருவைத் தூதன் வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போகிறான். இவர் ஏன் செத்தார், அவர் ஏன் பிழைத்தார் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. பேதுரு வந்து கதவைத் தட்டிய இரவில் யாக்கோபின் வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம் 91-ஆம் சங்கீதம். (அம்மா சி.எஸ்.ஐ. என்கிற சீர்திருத்தச் சபைக் குடும்பத்திலிருந்து வந்தவர், அதனால் எங்கள் வீட்டில் கத்தோலிக்கர் சொல்கிற திருப்பாடல் அல்ல, சங்கீதம்தான். பழைய மொழிபெயர்ப்புதான் எனக்கு வாயில் வரும்.) வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கத் தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்கிற வசனம் அதில்தான் இருக்கிறது. அதே வசனத்தை இயேசுவிடம் எடுத்துச் சொல்லி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று தூண்டியவன் பிசாசு. இயேசு குதிக்கவில்லை. நம்புவதும் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. லைஃப் ஜாக்கெட் போடாமல் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று கடலுக்குப் போவது அப்படிக் குதிக்கிற மாதிரிதான்.

எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் 27, பவுலின் கப்பற்சேதம். கடற்கரையில் பிறந்தவனுக்கு அது நம் தெருக்கதை மாதிரி. பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினான்காம் இரவு கப்பலாட்கள் விழுது (ஆழம் அளக்கிற கயிறு) விட்டுப் பார்க்கிறார்கள்: இருபது பாகம். சற்று தூரம் போனால் பதினைந்து பாகம். எங்கள் தாத்தாவும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். பாறையில் மோதிவிடுவோம் என்று பயந்து நான்கு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று தூதன் பவுலிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று படைவீரர்களிடம் சொல்கிறார் பவுல். வாக்கும் இருக்கிறது, ஆளும் வேண்டியிருக்கிறது. கடைசியில் கப்பல் உடைந்தேவிடுகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகையையும் உடைந்த துண்டுகளையும் பிடித்தும் 276 பேர் கரையேறுகிறார்கள். கப்பல் உடையாது என்று கடவுள் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படியானால் கை விட்டுப்போனவருக்கு? அவர் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய கை கேனை விட்டதே தவிர, ஆண்டவர் கை அவரை விடவில்லை என்று நம்புகிறேன். இதற்கு நிரூபணம் கேட்டால், கல்லறையிலிருந்து எழுந்த இயேசுவைத் தவிர என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

தண்ணீரில் கிடந்தபோது என்ன ஜெபித்தீர்கள் என்று சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அருள் நிறைந்த மரியே"யில் பாதிக்கு மேல் மறந்துபோச்சாம். சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம்! வெறும் முனகல்தான் வந்தது என்றார், வெட்கப்பட்டுக்கொண்டு. "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்ற 103-ஆம் சங்கீதத்தை அன்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். என்ன வேண்டுவதென்றே தெரியாத நமக்காக ஆவியானவர் பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் இருப்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பீடி பற்றவைத்தார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றார், மைக்கை வாங்கவில்லை. "அவனுக்க பெஞ்சாதி முன்னால இருக்கா, நான் என்னத்தச் சொல்ல?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போய் அந்த அக்காவின் கடைசிப் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.