நுண்பைத் தடுப்பூசியும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

ஐயா, வணக்கம். மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மூன்றாமாண்டு படிக்கிறாள். நீங்கள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறீர்கள். அவளோ, பாக்டீரியா உதிர்க்கும் நுண்பைகளைக் கொண்டு தடுப்பூசி செய்யும் ஆய்வுக்குத்தான் போவேன் என்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். முதலில், அவள் எதைக் கண்டு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று பார்ப்போம்.

சில பாக்டீரியாக்கள் வளரும்போதே தங்கள் வெளிச்சவ்விலிருந்து குட்டிப் பைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு, ஏறக்குறைய அந்த அளவு. அந்தப் பைக்கு உயிரில்லை, அது பெருகாது. ஆனால் கிருமியின் முகம் அதன்மேல் அப்படியே இருக்கும். நம் உடல் அந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறது.

மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பி வகைக்கு இதுதான் வழி திறந்தது. மற்ற வகைகளுக்குக் கிருமியின் சர்க்கரை உறையை வைத்தே தடுப்பூசி செய்தார்கள். பி வகையின் உறை நம் நரம்புச் செல்களில் உள்ள சர்க்கரையைப் போலவே இருப்பதால், உடல் அதை அந்நியமாக நினைப்பதில்லை. அதனால் கியூபாவும் நார்வேயும் நுண்பையின் பக்கம் திரும்பின. 1991-ல் தொடங்கிய கொள்ளைநோயைத் தடுக்க நியூசிலாந்து 2004-ல் நுண்பைத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அதே நுண்பை இன்று பி வகைக்கான பெக்செரோ என்ற தடுப்பூசியிலும் இருக்கிறது. 2017-ல் இன்னொரு வியப்பு: நியூசிலாந்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வெட்டை நோயிலிருந்தும் (கொனோரியா) சுமார் 31 சதவீதப் பாதுகாப்பு இருந்தது தெரியவந்தது. பாதுகாப்பு அரைகுறைதான். ஆனாலும் 2025-ல் இங்கிலாந்து அந்த நோய்க்காகவே பெக்செரோ ஊசியைப் போடத் தொடங்கிவிட்டது. கொல்கத்தாவின் நைசெட் ஆய்வகம் ஷிகெல்லா வயிற்றுப்போக்குக்கு இதே வழியில் முயன்றிருக்கிறது. ஆகவே, பிள்ளை கற்பனையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். நுண்பையோடு எண்டோடாக்சின் என்ற நச்சும் சேர்ந்தே வரும். ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கும். அதைச் சோப்புபோன்ற வேதிப்பொருளால் கழுவியோ, கிருமியின் மரபணுவை மாற்றியோ அடக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே மாதிரி வர வேண்டும். கிருமியைத் தொட்டியில் வளர்ப்பது, வடிகட்டுவது, தரம் பார்ப்பது என்ற வேலைகளுக்குக் கையறிவு உள்ள ஆள் தேவை. ஹைதராபாத்திலும் புனேயிலும் உள்ள தடுப்பூசி நிறுவனங்களில் வேறு தடுப்பூசிகளுக்கும் இந்தத் திறன்கள் பயன்படும். எம்.எஸ்சி. முடித்தாலே இந்தப் பக்கம் நுழையலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பிஎச்.டி. சுமார் ஐந்து ஆண்டு. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். கிடைக்காவிட்டால் கஷ்டம். வீட்டில் அந்த ஏழு ஆண்டைத் தாங்க முடியுமா என்று மனம்விட்டுப் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எம்.எஸ்சி.யிலேயே நுண்பைக்குள் குறுகிவிட வேண்டாம். நோயெதிர்ப்பியலும் உயிர்ச்செயல்முறைத் தொழில்நுட்பமும் சேர்ந்த படிப்பாகப் பாருங்கள். உயிர்த்தொழில்நுட்ப முதுகலைப் படிப்புகளுக்கான காட்-பி நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு படிக்க முயலட்டும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் போக வேண்டாம். எந்தக் கல்லூரியானாலும் சீனியர் மாணவிகளிடம் விசாரியுங்கள்: கடைசி செமஸ்டர் புராஜெக்டில் கருவியை அவர்களே இயக்கினார்களா, பக்கத்தில் நின்று பார்த்தார்களா?

குரூப் 2 எங்கும் போய்விடாது, எம்.எஸ்சி.க்குப் பிறகும் எழுதலாம். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். ஆறு மாதம் ஒரே சோதனை தோற்றுக்கொண்டே இருந்தால் என்ன செய்வாள் என்று அவளிடமே கேட்க வேண்டும்.